மேலை மெய்யியல் வரலாறு: மாணவர்கள் எங்கே தொடங்கி, எந்த வரிசையில், எப்படிப் படிப்பது?

மேலை மெய்யியலைப் பாடமாக எடுக்கும் மாணவர் பெரும்பாலும் ஒரு பெரிய வரலாற்று நூலின் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறார். உலகின் மூலப்பொருள் நீர் என்றார் தேலீஸ், காற்று என்றார் அனாக்சிமெனீஸ், நெருப்பு என்றார் ஹெராக்ளிடஸ் என்று பட்டியல் நீள்கிறது. நூறு பக்கம் கடந்தபின் பெயர்களும் ஆண்டுகளும் நினைவில் நிற்கின்றனவே தவிர, அறிவிற் சிறந்த மனிதர்கள் ஏன் அப்படியெல்லாம் சொல்ல நேர்ந்தது என்பது பிடிபடுவதில்லை. ஏறத்தாழ 2,600 ஆண்டுக் காலம் நீண்ட இந்த வரலாறு, ஒருவர் தீர்க்காமல் விட்ட சிக்கலை இன்னொருவர் எடுத்துக்கொண்டு வாதாடிய தொடர் விவாதம். அந்த விவாதத்தைப் பின்தொடரத் தெரிந்துவிட்டால் பெயர்கள் தாமாகவே மனத்தில் தங்கும்.

இந்த வழிகாட்டி ஒரு கல்வியாண்டுக்குள் முடிக்கக்கூடிய பாதையைத் தருகிறது. இதில் மூல நூல்களுக்கே முதலிடம். பாடநூல்கள் துணைக்கு மட்டுமே.

முதல் படி: குறிப்பேட்டைத் தயார் செய்தல்

எந்தச் சிந்தனையாளரைப் படித்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இவர் யாரிடமிருந்து எந்தச் சிக்கலைப் பெற்றார்? அதற்கு இவர் தரும் வாதம் என்ன? அந்த வாதம் அடுத்தவருக்கு எந்தப் புதிய சிக்கலை விட்டுச்சென்றது?

இரண்டாவது கேள்விக்கே அதிக நேரம் ஒதுக்கவேண்டும். வாதம் என்பது கருத்து அன்று. சில எடுகூற்றுகளை (முடிவுக்கு ஆதாரமாக முன்வைக்கும் கூற்றுகளை) ஒப்புக்கொண்டால் ஒரு முடிவை ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்று காட்டுவதே வாதம். ஆகவே படித்த பகுதியை மூடிவைத்துவிட்டு, எடுகூற்றுகளை வரிசையாக எண்ணிட்டு எழுதி, கடைசியில் முடிவை எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். எந்த எடுகூற்றை மறுத்தால் முடிவு சரியும் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். முதல் சில வாரங்களில் இது மிக மெதுவாகவே நடக்கும். ஆனால் மெய்யியல் படிப்பதில் இதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இரண்டாம் படி: சாக்ரடீஸிடம் தொடங்குதல்

கால வரிசைப்படி தேலீஸ்தான் முதலில் வரவேண்டும். ஆயினும் புதிதாகப் படிப்பவருக்குச் சாக்ரடீஸே ஏற்ற வாயில் என்பது என் உறுதியான கருத்து. தேலீஸ் முதலானோர் எழுதியவை முழுமையாக எஞ்சவில்லை. பிற்கால நூலாசிரியர்கள் எடுத்தாண்ட துணுக்குகளும் அவர்கள் தந்த செய்திகளும் மட்டுமே நம்மிடம் உள்ளன. சாக்ரடீஸும் எதையும் எழுதவில்லை. ஆனால் அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய உரையாடல்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு வாதம் எப்படிப் பிறந்து, வளர்ந்து, உடைகிறது என்பதைக் கண்முன்னே பார்க்கலாம்.

முதலில் படிக்கவேண்டியது ‘யூதிஃப்ரோ’. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். கி.மு. 399-இல் தம்மீது தொடுக்கப்பட்ட வழக்குக்காக ஏதென்ஸ் நீதி மண்டபத்துக்கு வந்த சாக்ரடீஸ், யூதிஃப்ரோ என்பவரைச் சந்திக்கிறார். அவர் தம் சொந்தத் தந்தைமீதே கொலைக் குற்றம் சாட்ட வந்திருக்கிறார். அதுவே புனிதமான செயல் என்றும் உறுதியாக நம்புகிறார். புனிதம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். ‘நான் இப்போது செய்வதுதான்’ என்பது முதல் விடை. எடுத்துக்காட்டு வேறு, வரையறை வேறு என்று சாக்ரடீஸ் அதைத் தள்ளிவிடுகிறார். தெய்வங்கள் எல்லாரும் விரும்புவதே புனிதம் என்ற விடைக்கு யூதிஃப்ரோ நகர்ந்தபின் மையக் கேள்வி வருகிறது: ஒரு செயல் புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனரா, அல்லது அவர்கள் விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா?

முதலாவதை ஏற்றால், புனிதம் தெய்வ விருப்பத்தைச் சாராமல் தனியே நிற்கிறது. தெய்வங்கள் விரும்புகின்றனர் என்பது அதன் இயல்பை விளக்கவில்லை. இரண்டாவதை ஏற்றால், தெய்வங்கள் எதை விரும்பினாலும் அது புனிதமாகிவிடும். அவர்கள் விரும்புவதற்குக் காரணமே இல்லாமல் போகும். இந்த இருதலைச் சிக்கலை நான்கைந்து வரிகளில் உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். அறம் எதைச் சார்ந்து நிற்கிறது என்ற விவாதம் இன்றுவரை இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகிறது.

அடுத்து, நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் ஆற்றிய தற்காப்புரையையும், சிறையிலிருந்து தப்பிக்க மறுக்கும் ‘கிரீட்டோ’வையும் படியுங்கள். தற்காப்புரையில், தமக்குத் தெரியாது என்பதை அறிந்திருப்பதே தம் ஞானம் என்று கூறுபவர், கிரீட்டோவில் சட்டத்துக்குக் கட்டுப்படவேண்டும் என்பதை அத்தனை உறுதியோடு எப்படிச் சொல்கிறார்? இந்த இழுபறியைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்ல பயிற்சி.

மூன்றாம் படி: சில தலைமுறைகள் பின்னோக்கிச் செல்லுதல்

இப்போது சாக்ரடீஸுக்கு முந்தையவர்களிடம் திரும்பலாம். இன்றைய துருக்கிக் கரையிலிருந்த மிலீட்டஸ் நகரத்துச் சிந்தனையாளர்களை விரைவாகவே கடந்துவிடலாம். உலகத்தைத் தெய்வக் கதைகளின் துணையின்றி, இயற்கையைக் கொண்டே விளக்க முயன்றார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

நின்று படிக்கவேண்டியவர் தென் இத்தாலியின் எலியா நகரத்துப் பார்மெனிடீஸ். இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது என்று அவர் தொடங்குகிறார். ஒன்று புதிதாகத் தோன்றுகிறது என்றால், அதுவரை இல்லாததிலிருந்து அது வரவேண்டும். இல்லாதது என்று ஒன்றில்லை. ஆகவே தோற்றமும் அழிவும் மாற்றமும் பொய். முடிவு நம்பமுடியாததுபோல் இருந்தாலும், எந்த எடுகூற்று தவறு என்று சொல்வது எளிதன்று. அவருக்குப் பின்வந்தோர் பலரும் இந்தச் சவாலுக்கு விடைதேடியவர்களே. நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கும் மாறுவதில்லை, கலப்பு மட்டுமே மாறுகிறது என்றார் எம்பிடாக்ளீஸ். அழியாத அணுக்கள் வெற்றிடத்தில் இயங்குகின்றன என்றனர் லூசிப்பஸும் டெமாக்ரிடஸும். அணுக்கள் ஒவ்வொன்றும் பார்மெனிடீஸ் சொன்ன மாறாத பொருளின் இலக்கணம் கொண்டவை. வெற்றிடமோ அவர் ‘இல்லாதது’ என்று தடுத்ததையே உள்ளே அனுமதிக்கிறது. பண்டைய அணுக்கொள்கை ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. இந்த வாதத்துக்கு விடையாகவே அது பிறந்தது.

நான்காம் படி: பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும்

பிளேட்டோவின் ‘மேனோ’வில், தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது, தேடிக் கண்டாலும் அதுதான் என்று எப்படி அறிவது என்ற புதிர் எழுகிறது. விடையாகச் சாக்ரடீஸ், கணிதம் கற்றறியாத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். சிறுவன் முதலில் பக்கம் 4 அடி என்கிறான், பிறகு 3 அடி என்கிறான், இரண்டும் தவறு என்று தானே உணர்கிறான், இறுதியில் மூலைவிட்டமே விடை என்பதைக் காண்கிறான். கேள்விகளால் மட்டும் இந்த அறிவு வெளிவந்ததென்றால், அது முன்பே அவனுள் இருந்திருக்கவேண்டும் என்று பிளேட்டோ முடிவுக்கு வருகிறார். அந்தப் படத்தைத் தாளில் வரைந்தபடியே படியுங்கள். சாக்ரடீஸின் கேள்விகளில் விடை ஒளிந்திருக்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

அதன்பின் ‘குடியரசு’ நூலின் ஆறாம் பகுதியின் இறுதியையும் ஏழாம் பகுதியின் தொடக்கத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். குகை உவமையைத் தனியாகப் படிப்போர் அதை வெறும் அறிவுரைக் கதையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்வரும் சூரிய உவமையோடும் பிரிக்கப்பட்ட கோட்டோடும் படித்தால்தான், மாறும் பொருள்களைப் பற்றி நமக்குக் கருத்து மட்டுமே உண்டு, நீதி, அழகு போன்றவற்றின் மாறாத இலக்கணங்களான வடிவங்களைப் பற்றியே அறிவு உண்டு என்ற வாதம் தெளிவாகும். ‘பார்மெனிடீஸ்’ என்ற உரையாடலில் இந்த வடிவக் கொள்கையைப் பிளேட்டோவே கடுமையாகத் தாக்குகிறார் என்பதையும் மறக்கவேண்டாம்.

அரிஸ்டாட்டில் 17 வயதில் பிளேட்டோவின் கழகத்துக்கு வந்து சுமார் 20 ஆண்டுகள் அங்கே இருந்தவர். அவருடைய நூல்களாக இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெளியிடுவதற்காக மெருகூட்டப்பட்டவை அல்ல. விரிவுரைக் குறிப்புகளைப் போன்ற இறுக்கமான நடையுடையவை. எனவே அவற்றைப் பத்தி பத்தியாகத்தான் படிக்கமுடியும். ‘இயற்பியல்’ நூலின் முதல் இரண்டு பகுதிகளில் பார்மெனிடீஸுக்கான விடை இருக்கிறது: இசையறியாத மனிதன் இசையறிந்தவனாகும்போது இல்லாமையிலிருந்து எதுவும் வரவில்லை, மனிதன் என்ற அடிப்படை தொடர்ந்து நிற்க, அவனிடம் ஆற்றலாக இருந்தது செயலாக மலர்கிறது. இதைப் புரிந்துகொண்டபின் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் முதல் இரண்டு பகுதிகளுக்குச் செல்லுங்கள். அங்கும் இதே ஆற்றல்–செயல் சிந்தனை, பழக்கத்தால் நற்பண்பு உருவாகும் விதத்தை விளக்கப் பயன்படுவதைக் காண்பீர்கள்.

ஐந்தாம் படி: வாழ்வுக்கான மெய்யியல்

அலெக்சாண்டருக்குப் பிந்தைய சிந்தனைப் பள்ளிகளுக்கு மூன்று சிறு நூல்கள் போதும்: எபிக்டெட்டஸின் ‘கைந்நூல்’, எபிகியூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதம், எதிலும் முடிவு கூறாமல் நிறுத்திவைக்கும் ஐயவாதியான செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸின் சில பக்கங்கள். கடைசியாகச் சொன்னவரை விட்டுவிடாதீர்கள். அவருடைய நூல் 1562-இல் லத்தீனில் அச்சாகி ஐரோப்பாவில் ஐயவாதத்தை மீண்டும் எழுப்பியது. ஏழாம் படியில் நாம் சந்திக்கும் டெக்கார்ட்டின் ஐயத்துக்கு அதுவே பின்னணி.

ஆறாம் படி: இடைக்காலத்தைத் தாண்டிக் குதிக்காமல் இருத்தல்

பல பாடத்திட்டங்கள் அரிஸ்டாட்டிலிலிருந்து நேரே டெக்கார்ட்டுக்குத் தாவிவிடுகின்றன. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளை இருட்டில் விடும் இந்தத் தாவல் மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே சொல்வேன்.

வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அகஸ்டின் (354–430) எழுதிய ‘ஒப்புதல்கள்’ நூலின் பதினொன்றாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். சென்ற காலம் இப்போது இல்லை, வரும் காலம் இன்னும் இல்லை, நிகழ்காலத்துக்கோ நீளமில்லை. அப்படியானால் நாம் அளக்கும் காலம் எது என்று அவர் கேட்கிறார். இதிலும் பார்மெனிடீஸின் எதிரொலியைக் கேட்கலாம்.

பிறகு பாக்தாதுக்கு வரவேண்டும். லத்தீன் ஐரோப்பாவில் அரிஸ்டாட்டிலின் பெரும்பாலான நூல்கள் பல நூற்றாண்டுகள் படிக்கக் கிடைக்காதபோது, அரபு மொழியில் அவை மொழிபெயர்க்கப்பட்டு ஆழ்ந்து விவாதிக்கப்பட்டன. அல்-ஃபராபி, இப்னு சீனா (980–1037), கோர்டோபாவின் இப்னு ருஷ்து (1126–1198) ஆகியோர் இந்த மரபின் தூண்கள். லத்தீன் அறிஞர்கள் அரிஸ்டாட்டிலை ‘மெய்யியலாளர்’ என்றும், இப்னு ருஷ்தை ‘உரையாசிரியர்’ என்றும் பெயர் சொல்லாமலே குறித்தார்கள். அதே உலகின் இறையியலாளர் அல்-கஸாலியின் ஒரு வாதத்தையாவது படியுங்கள்: நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம், நெருப்பால்தான் எரிகிறது என்பதைக் காண்பதில்லை. இதை ஓரமாகக் குறித்துவைத்துக்கொண்டால், 600 ஆண்டுகளுக்குப் பின்வரும் ஹியூமைப் படிக்கும்போது பயன்படும்.

அக்குவைனஸை (1225–1274) அவர் எழுதும் முறைக்காகவே படிக்கலாம். ‘இறையியல் தொகுப்பு’ நூலில் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் எதிர்த்தரப்பு வாதங்களை முன்வைத்து, பின் தம் விடையைச் சொல்லி, கடைசியில் ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் தனித்தனியே மறுமொழி தருகிறார். இறைவன் உளன் என்பதற்கு அவர் தரும் ஐந்து வழிகள் உள்ள பகுதியை (முதல் பாகம், இரண்டாம் கேள்வி) எடுத்து, அதே அமைப்பில் நீங்கள் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

ஏழாம் படி: டெக்கார்ட் முதல் ஹியூம் வரை

மாணவர்கள் அதிக நேரம் செலவிடவேண்டிய பகுதி இதுவே. டெக்கார்ட்டின் ‘தியானங்கள்’ (1641) ஆறு சிறு பகுதிகள் கொண்டது. நாளுக்கு ஒன்றாகப் படிக்கலாம். முதல் தியானத்தில் புலன்களையும், கனவுக்கும் நனவுக்கும் உள்ள வேறுபாட்டையும், இறுதியில் கணிதத்தையும்கூட ஐயுறுகிறார். இரண்டாம் தியானத்தில், ஐயுறும்போதும் ஐயுறுபவன் இருந்தாகவேண்டும் என்ற உறுதியை அடைகிறார். ‘நான் ஏமாந்தாலும், நான் இருக்கிறேன்’ என்று அகஸ்டின் முன்பே வாதிட்டிருக்கிறார். ஆனால் அதன்மீது அறிவு முழுவதையும் கட்டியெழுப்ப முனைந்தவர் டெக்கார்ட்.

அந்த நூல், பிறர் எழுதிய ஆறு தொகுதி மறுப்புகளோடும் டெக்கார்ட்டின் விடைகளோடும் சேர்ந்தே வெளியானது. மறுத்தவர்களில் ஹாப்ஸ், ஆர்னோ, கசெண்டி ஆகியோரும் உண்டு. மூலத்தை மட்டும் படித்துவிட்டு மறுப்புகளை விடுவது, பாதி நூலைப் படிப்பதற்குச் சமம். அவை எல்லாவற்றையும்விட கூர்மையான கேள்வி 1643-இல் ஒரு கடிதத்தில் வந்தது. எழுதியவர் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். உடலுக்கு நீளமும் இடமும் உண்டு. மனத்துக்கு அவை இல்லை. ஒன்றை இயக்க அதைத் தொட்டுத் தள்ளவேண்டுமென்றால், இடமற்ற மனம் உடலை எப்படி அசைக்கிறது என்று அவர் கேட்டார். டெக்கார்ட்டின் விடைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பது தொடர்ந்த கடிதங்களில் தெரிகிறது.

அடுத்த தலைமுறையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே திறவுகோல். மனமும் உடலும் ஒரே மெய்ப்பொருளின் இரு பண்புகள் என்றார் ஸ்பினோசா. இறைவனே ஒவ்வொரு தடவையும் இரண்டையும் இசைவிக்கிறார் என்றார் மால்பிராஞ்ச். தொடக்கத்திலேயே இசைவிக்கப்பட்டுவிட்டன என்றார் லைப்னிட்ஸ். தனியாகக் கேட்டால் விசித்திரமாகத் தோன்றும் இந்தக் கொள்கைகள், எலிசபெத்தின் கேள்விக்கு அருகே வைத்துப் பார்த்ததும் பொருள் பெறுகின்றன.

பிரித்தானியத் தரப்பில் லாக், பெர்க்லி, ஹியூம் என்ற வரிசை. நேரம் குறைவென்றால் லாக்கின் பெருநூலில், பொருளிலேயே உள்ள பண்புகளையும் நம்மிடம் தோன்றும் பண்புகளையும் பிரிக்கும் பகுதியை மட்டும் படித்துவிட்டு, பெர்க்லியின் ‘மூன்று உரையாடல்கள்’ (1713) நூலுக்குச் செல்லலாம். நிறமும் சுவையும் மனத்தைச் சார்ந்தவை என்றால் வடிவமும் அளவும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்று கேட்டு, மனத்துக்கு வெளியே சடப்பொருளே இல்லை என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

ஹியூமின் 1748-ஆம் ஆண்டு ‘மனித அறிவு பற்றிய ஆய்வு’ நூலின் நான்காம், ஐந்தாம், ஏழாம் பகுதிகளை எழுத்தெண்ணிப் படியுங்கள். நாளையும் சூரியன் உதிக்கும் என்று ஏன் நம்புகிறோம்? இதுவரை உதித்ததால். இதுவரை நடந்ததுபோலவே இனியும் நடக்கும் என்பதற்கு என்ன சான்று? அதை மறுப்பதில் முரண்பாடு இல்லையாகையால் தருக்கத்தால் நிறுவமுடியாது. இதுவரை அப்படித்தான் இருந்தது என்று அனுபவத்தைக் காட்டினால், நிறுவவேண்டியதையே சான்றாக எடுத்துக்கொண்டவர்களாகிறோம். ஆகவே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை பழக்கமே என்கிறார் ஹியூம். உங்கள் குறிப்பேட்டில் இந்த வாதம் முழுப் பக்கம் பெறத்தக்கது.

இந்தப் பகுதியைப் பகுத்தறிவுவாதிகள் (அறிவின் ஊற்று பகுத்தறிவு என்போர்), அனுபவவாதிகள் (அது புலனனுபவம் என்போர்) என்று இரண்டு அணிகளாகப் பிரிப்பது தேர்வுக்கு உதவும். உண்மையில் கோடு அவ்வளவு நேராக இல்லை. லாக் டெக்கார்ட்டிடமிருந்தும், பெர்க்லி மால்பிராஞ்சிடமிருந்தும் நிறையப் பெற்றவர்கள்.

எட்டாம் படி: கான்ட்டிடம் மெதுவாகச் செல்லுதல்

கான்ட்டின் ‘தூய அறிவு பற்றிய விமர்சனம்’ (1781) நூலை முதலில் எடுக்கவேண்டாம். அதைப் பலர் புரிந்துகொள்ளவில்லை என்று கண்டு அவரே 1783-இல் எழுதிய சுருக்கமான ‘முன்னுரைகள்’ நூலில் தொடங்குங்கள். ஹியூமின் நினைவே தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பியது என்று அதில் சொல்கிறார். 7-உம் 5-உம் சேர்ந்தால் 12 என்பது சொற்பொருளால் மட்டும் உண்மையாவதில்லை, அனுபவத்தால் உறுதிப்படுவதும் இல்லை. ஆயினும் அது தவறமுடியாத உண்மை. காரண காரிய விதியும் அத்தகையதே. இது எப்படிச் சாத்தியம்? இடம், காலம், காரணம் ஆகியவை நம் அறிவே அனுபவத்துக்குத் தரும் அமைப்புகள் என்பது அவர் விடை.

இந்த விடைக்கு ஒரு விலை உண்டு. பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தையே அறிகிறோம், அவை தம்மளவில் எப்படி என்பதை அறியமுடியாது. அந்தத் ‘தன்னிலைப் பொருள்’ இல்லாமல் கான்ட்டின் அமைப்புக்குள் நுழைய முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு உள்ளே தங்கவும் முடியவில்லை என்று 1787-இலேயே ஜெர்மன் மெய்யியலாளர் யக்கோபி குறைகூறினார். ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் ஆகிய மூவரையும் இந்தக் குறையிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

ஒன்பதாம் படி: கடைசி இருநூறு ஆண்டுகளில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தல்

கான்ட்டுக்குப் பிறகு ஒரே பாதை இல்லை. ஹெகலின் ‘உள்ளத்தின் தோற்றவியல்’ (1807) நூலில் ஆண்டான்–அடிமைப் பகுதியைப் படித்து மார்க்ஸுக்குச் செல்லலாம். ஷோப்பன்ஹவரைப் படித்து நீட்சேக்குச் செல்லலாம். ஷோப்பன்ஹவர் உபநிடதங்களைப் போற்றிப் படித்தவர். அவர் கையில் இருந்தது முகலாய இளவரசர் தாரா ஷுகோவின் பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆங்கெதில்-துய்பெரோன் செய்த லத்தீன் ஆக்கம். அறவியலில் ஆர்வமுள்ளவர்கள் செயலின் விளைவைக் கொண்டு அறத்தை அளக்கும் பெந்தம், மில் ஆகியோரைக் கடமையை முன்வைக்கும் கான்ட்டின் அறவியலோடு எதிரெதிரே வைத்துப் படிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இரு பெரும் கிளைகள் உள்ளன. ஃபிரேகே 1879-இல் வகுத்த புதிய தருக்கத்திலிருந்து ரசல், விட்கென்ஸ்டைன் வழியாகப் பகுப்பாய்வு மெய்யியல் வளர்ந்தது. ஹுசெர்லிடமிருந்து ஹைடெகர், சார்த்தர், சிமோன் த பொவாருக்கு, அனுபவத்தை வாழ்வோர் நோக்கில் ஆராயும் இன்னொரு கிளை நீண்டது. முதல் ஆண்டில் இரண்டையும் தொட்டுப் பார்க்க முயலவேண்டாம். ஒன்றைத் தேர்ந்து அதில் ஒரு நூலை முழுமையாகப் படிப்பதே மேல்.

இந்த வரலாற்றில் ஏற்கமுடியாத பக்கங்களும் உண்டு. இயற்கையிலேயே அடிமையானவர்கள் உண்டு என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். கறுப்பின மக்களைத் தாழ்த்தும் அடிக்குறிப்பை ஹியூம் எழுதினார். ஹைடெகர் 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். இவற்றை மறைக்கும் பாடநூல்களை நம்பவேண்டாம். அந்த வரிகளையும் மற்ற வாதங்களைப் போலவே எடுகூற்றுகளாகப் பிரித்து, எங்கே தவறுகின்றன என்றும், அந்தத் தவறு ஆசிரியரின் மற்றக் கொள்கைகளையும் பாதிக்கிறதா என்றும் ஆராயுங்கள்.

பத்தாம் படி: முதல் கட்டுரை

ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 1,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுங்கள். ‘டெக்கார்ட்டின் மெய்யியல்’ போன்ற அகன்ற தலைப்பு வேண்டாம். ‘எலிசபெத்தின் கேள்விக்கு ஸ்பினோசா உண்மையில் விடை தருகிறாரா?’ என்பதுபோல் ஒரே கேள்வி போதும். முதலில் கேள்வியை நியாயமாக விளக்குங்கள். பிறகு நீங்கள் ஆராயும் வாதத்தை, அதன் ஆசிரியரே ஏற்கும்படி வலுவான வடிவத்தில் எழுதுங்கள். அதன்பின் உங்கள் மறுப்பு. அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதையும் நீங்களே எழுதவேண்டும். ஐயம் வந்த இடங்களில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1995 முதல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டுவரும் மெய்யியல் கலைக்களஞ்சியத்தைப் பாருங்கள். ஆனால் மூலத்தைப் படித்து உங்கள் எடுகூற்றுப் பட்டியலை முடித்த பிறகே அதைத் திறக்கவேண்டும். எழுதி முடித்ததும், இப்பாடத்தைப் படிக்காத ஒரு நண்பரிடம் கொடுங்கள். எந்த வரியில் அவருக்குப் புரியாமல் போகிறதோ அந்த வரியில் நீங்களும் வாதத்தை முழுமையாகப் பிடிக்கவில்லை என்று கொண்டு, அந்தப் பகுதியின் மூலத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள்.